கழுகுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருந்த பையன்

புகைப்படக்காரர் கெவின் கார்ட்டரின் கதை உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு யாராவது அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சூடான் பஞ்சத்தில் தரையில் கவிழ்ந்து கிடக்கும் குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. படத்துக்குக் கீழே கதை. புலிட்சர் பரிசு வாங்கிய பிறகு ஒரு பேட்டியில் "அந்தக் குழந்தை என்ன ஆனது?" என்று ஒருவர் கேட்டாராம். "தெரியாது, விமானத்துக்கு நேரமாகிவிட்டது" என்றாராம் கார்ட்டர். "அப்படியானால் அங்கே இருந்தது இரண்டு கழுகுகள், ஒன்றின் கையில் கேமரா" என்று பதில் வந்ததாம். அந்தக் குற்றவுணர்வில் அவர் உயிரை விட்டாராம். கடைசியில் கைகூப்பும் பொம்மை நான்கு, மனிதநேயம் பற்றி இரண்டு வரி.

எழுதியவர் யாரோ, திரைக்கதை தெரிந்த ஆள். ஆனால் நடந்தது இவ்வளவு கச்சிதமாக இல்லை.

படம் எடுக்கப்பட்டது 1993 மார்ச்சில், இன்றைய தெற்கு சூடானில் உள்ள அயோட் என்ற ஊரில். ஐ.நா. உணவு விமானம் வந்து இறங்கிய நேரம். உடன் போயிருந்த புகைப்படக்காரர் ஜுவாவ் சில்வா சொன்னபடி, பெற்றோர்கள் குழந்தைகளைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு உணவு வாங்க ஓடியிருந்தார்கள். படத்தை உற்றுப் பார்த்தால் குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை தெரியும். நிவாரண முகாமில் பதிவான குழந்தைகளுக்குக் கட்டுவது அது. அதாவது அந்தக் குழந்தை ஏற்கெனவே யாரோ ஒருவருடைய கணக்கில் இருந்தது.

1994 ஏப்ரலில் புலிட்சர் அறிவிப்பு. அடுத்த சில நாட்களிலேயே கார்ட்டரின் நெருங்கிய நண்பரும் புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்புரூக் தென்னாப்பிரிக்காவின் தோக்கோசாவில் சுடப்பட்டு இறந்தார். ஜூலையில் கார்ட்டரும் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் வாடகைக்கும் கடனுக்கும் பணமில்லாத நெருக்கடி இருக்கிறது. பார்த்த கொலைகளும் பிணங்களும் பட்டினிக் குழந்தைகளும் துரத்துவது இருக்கிறது. இறந்துபோன கென் இருக்கிறார். பல வருடம் இனவெறி ஆட்சியின் வன்முறைக்கு நடுவே நின்று படமெடுத்த ஒருவரின் சிதைவை ஒரே ஒரு சூடான கேள்விக்குள் அடக்கிவிட முடியாது.

சரி, என் கோபம் அதுகூட இல்லை. "அந்தக் குழந்தை என்ன ஆனது?" என்பதைக் கதையின் உச்சகட்டமாக வைத்த இந்தப் பதிவுகளில் ஒன்றுகூட, உண்மையிலேயே அந்தக் குழந்தை என்ன ஆனது என்று சொல்வதில்லை. அதற்குப் பதில் இருக்கிறது. 2011-இல் ஸ்பெயின் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் அயோட் வரை போய் விசாரித்தார். பெண் குழந்தை என்றுதான் உலகம் அதுவரை நம்பியிருந்தது. ஆண் குழந்தை. பெயர் கொங் நியோங். கழுகிடமிருந்தும் அந்தப் பஞ்சத்திலிருந்தும் தப்பிவிட்டான். 2007 வாக்கில் காய்ச்சலில் இறந்துபோனான் என்று அவன் அப்பாவே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துக்குப் பிறகு ஏறக்குறைய 14 வருடம் வாழ்ந்திருக்கிறான். எடுத்தவரைவிட அதிக நாள்.

புகழ்பெற்ற படங்களின் "பின்னணிக் கதை" என்று நாம் பகிர்வதில் பெரும்பாலானவை கலைஞனின் கதைதான். அவன் எப்படிப் பார்த்தான், எப்படித் துடித்தான், எவ்வளவு பாடுபட்டான். படத்துக்கு உள்ளே இருப்பவர் அதில் வெறும் பொருள். இதில் எனக்குப் பல காலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லேங்கின் 'புலம்பெயர்ந்த தாய்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு கவலை தோய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஏழைத் தாயின் படம். 1936 மார்ச், கலிஃபோர்னியாவில் நிபோமோ. அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காக லேங்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணி பறிப்பவர்கள் முகாம் என்ற பலகையைக் கடந்து போய், சுமார் 20 மைல் தாண்டிய பிறகு மனம் கேளாமல் வண்டியைத் திருப்பினார். இந்தப் பகுதியை எல்லோரும் சொல்வார்கள், கலைஞனின் உள்ளுணர்வு என்று. பத்து நிமிடம்போல அங்கே இருந்தார். பெயரையோ வரலாற்றையோ கேட்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதினார்.

படத்தில் இருந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சனை உலகம் கண்டுபிடிக்க 42 வருடம் ஆனது. 1978-இல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர் தேடிப் போனபோது அவர் சொன்னது: அந்தப் படத்தை அவள் எடுக்காமலே இருந்திருக்கலாம், அதிலிருந்து எனக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை, பெயர் கேட்கவில்லை, பிரதி அனுப்புகிறேன் என்றாள், அனுப்பவே இல்லை. டயர் விற்ற கதையை மகன் ஒரே போடாகப் போட்டார்: எங்களிடம் இருந்ததே காரில் மாட்டியிருந்த டயர்கள்தான், அதில்தான் அங்கிருந்து கிளம்பிப் போனோம். கார் பழுதாகி, ஆண்கள் அதைச் சரிசெய்யப் போயிருந்த இடைவெளியில் எடுக்கப்பட்ட படம் அது. இன்னொன்றும் உண்டு. ஃபுளோரன்ஸ் செரோக்கி பூர்வகுடியைச் சேர்ந்தவர். புழுதிப் புயலுக்கு அஞ்சி ஓடிவந்த வெள்ளை விவசாயிகளின் சின்னமாக அமெரிக்கா அந்த முகத்தைக் கொண்டாடியது. அவரோ புழுதிப் புயலுக்கு முன்பே கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவர்.

லேங்க் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அது அரசாங்கப் படம், அதை விற்றுக் காசு பார்க்கும் உரிமை அவருக்கும் கிடையாது. படம் வெளியானதும் அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. பலபேர் வயிறு நிறைந்தது. ஆனால் உணவு வருவதற்குள் ஃபுளோரன்ஸின் குடும்பம் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருந்தது. யார் முகத்தைக் காட்டிச் சோறு வந்ததோ, அவர்களுக்கு மட்டும் அதில் பங்கில்லை. (1939-இல் லேங்க் அந்த நெகட்டிவில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலை மறைக்கச் செய்தார். அழகுக்கு இடைஞ்சலாம். விரல் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது, பெயர் கேட்காதது உறுத்தவில்லை.)

1983-இல் ஃபுளோரன்ஸ் நோயில் விழுந்து, குடும்பம் வேண்டுகோள் விடுத்தபோது 35,000 டாலருக்கு மேல் குவிந்தது. கூடவே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். அம்மாவின் படம் இத்தனை பேரை இப்படித் தொட்டிருப்பது அதுவரை தங்களுக்கே புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆக, கசப்போடு முடிந்த கதையும் இல்லை இது. ஆனால் அந்த நன்மைகூட அவருக்கு ஒரு பெயர் கிடைத்த பிறகுதான் வந்தது.

ஓவியத்தில் இந்தப் பிரச்சினை இல்லை, மாடலுக்குக் கூலி கொடுத்துத்தானே உட்கார வைக்கிறார்கள் என்பீர்கள். அப்படியானால் விக்டரின் மெரான் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் மனேயின் 'ஒலிம்பியா'வில் படுத்தபடி நம்மை நேருக்கு நேர் முறைக்கும் பெண் அவர்தான். (மனே வேறு, மோனே வேறு. இரண்டு பேரும் இந்தக் கதையில் வருகிறார்கள்.) 1865-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் அந்த ஓவியம் கிளப்பிய கூச்சல் வரலாற்றில் பிரசித்தம். காவலுக்கு ஆள் போட வேண்டியிருந்தது. மனேயின் 'புல்வெளி விருந்து' ஓவியத்தில் ஆடை அணிந்த ஆண்களுக்கு நடுவே நிர்வாணமாக உட்கார்ந்திருப்பவரும் இவரே. நவீன ஓவியம் பிறந்த இரண்டு சட்டகங்களிலும் ஒரே முகம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரியைப் பற்றி நெடுங்காலம் எழுதப்பட்டது என்ன தெரியுமா? குடிகாரி, விலைமகள், சீக்கிரமே செத்துப்போனவள்.

உண்மையில் அவர் ஓவியம் படித்தார், ஓவியராக வாழ்ந்தார். சலோனில் ஆறு முறை அவருடைய படைப்புகள் தேர்வாகியிருக்கின்றன. 1876-இல் சலோன் மனேயை நிராகரித்தது, விக்டரினை ஏற்றுக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை கலை வரலாற்றிலேயே ஆகச் சுவையான தேர்வு முடிவு அது. பிற்பாடு பிரெஞ்சு ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1927-இல், 80 வயதைத் தாண்டி, பாரிஸை ஒட்டிய கொலோம்பில் காலமானார். வரைந்தவற்றில் நமக்கு மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

1883-இல் மனே இறந்த சில மாதங்களில் அவருடைய மனைவிக்கு விக்டரின் மெரான் ஒரு கடிதம் எழுதினார். படங்கள் விற்றால் எனக்கும் ஏதாவது தருவதாக உங்கள் கணவர் சொல்லியிருந்தார், அப்போது நான் வேண்டாம் என்றேன், இப்போது நிலைமை மோசம் என்கிற தொனியில் மிகக் கௌரவமான கடிதம். பதில் வந்ததற்குத் தடயமே இல்லை. 1890-இல் ஓவியர் மோனே நன்கொடை திரட்டி, கிட்டத்தட்ட 20,000 ஃப்ராங்க் கொடுத்து, அதே மனைவியிடமிருந்து ஒலிம்பியாவை வாங்கிப் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்தார். அந்தத் தொகையில் விக்டரினுக்கு எதுவும் போனதாகத் தெரியவில்லை. கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்பதில் எனக்கு உடன்பாடில்லாமல் போனது இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த பிறகுதான்.

சில சமயம் பெயர் மறக்கப்படுவதில்லை, பிடுங்கப்படுகிறது. ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1907-இல் முடித்த தங்க ஓவியத்தில் இருப்பவர் அடேல் ப்ளாக்-பாவர், வியன்னாவின் யூதக் குடும்பத்துப் பெண். நாஜிகள் ஓவியத்தைக் கைப்பற்றினார்கள், யூதப் பெயரை உரித்துப் போட்டுவிட்டு வெறும் தங்கப் பின்னணிப் பெண்ணாகக் காட்சிக்கு வைத்தார்கள். அடேலின் அக்கா மகள் மரியா ஆல்ட்மன் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்டியதால் 2006-இல் ஓவியம் குடும்பத்துக்குத் திரும்பியது.

ஆப்கானியச் சிறுமியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்டீவ் மெக்கரி 1984-இல் பெஷாவர் அருகே எடுத்த படம், அடுத்த ஆண்டு பத்திரிகை அட்டையில் வந்து உலகம் சுற்றியது. ஷர்பத் குலா என்ற பெயரும், இப்படி ஒரு படம் இருக்கிறது என்ற செய்தியும், முன்னது நமக்கும் பின்னது அவருக்கும் 2002-இல்தான் கிடைத்தன.

வியட்நாம் போரைப் படமெடுத்த எடி ஆடம்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1968 பிப்ரவரி 1, சைகோன் தெரு, கைவிலங்கிட்ட ஒருவரின் தலையில் போலீஸ் தலைவர் நுயென் நாக் லோன் சுடும் கணம். அந்தப் படம் லோனை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. அமெரிக்காவில் பீட்சா கடை வைத்துப் பிழைத்தபோதும் விடவில்லை. அவர் வியட்காங் (கம்யூனிஸ்ட் கெரில்லாப் படை) வீரனைக் கொன்றார், நான் என் கேமராவால் அவரைக் கொன்றேன் என்று ஆடம்ஸ் எழுதினார், லோனிடமும் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்டார். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்த வாசகத்தில்கூடச் செத்தவனுக்குப் பெயர் இல்லை. சுட்டவர் ஒரு மனிதராக மீட்கப்படுகிறார், சுடப்பட்டவன் 'வியட்காங்' ஆகவே நின்றுவிடுகிறான். நுயென் வான் லெம் என்று பொதுவாக அடையாளம் சொல்லப்படும் அவன் எப்படிப்பட்டவன் என்பதில் கடும் சர்ச்சை உண்டு. இருக்கட்டுமே. நல்லவனுக்குத்தான் பெயர் என்று விதி ஏதும் இல்லையே.

எல்லாப் படத்துக்கும் ஆளைத் தேடிக் கிளம்ப வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. வெர்மீரின் முத்துக் காதணிப் பெண் உருவப்படமே அல்ல. குறிப்பிட்ட ஒருவரைக் காட்டாமல், ஒரு வகை முகத்தை வரைந்து பார்க்கும் டச்சு மரபைச் சேர்ந்தது. அதற்கு வேலைக்காரி, காதல் என்று நாமாகக் கதை கட்டுவதைவிடச் சும்மா பார்ப்பது மேல். போபாலில் 1984 டிசம்பரில் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் தனித்தனியாகப் படமெடுத்த, மண்ணில் புதைக்கப்படும் குழந்தையின் முகம் வேறு மாதிரி. அதன் பெற்றோர் யாரென்று இன்றுவரை தெரியாது, உரிமை கோரி யாரும் வரவில்லை. அங்கே பெயரில்லாமை கலைஞனின் அலட்சியம் அல்ல. நச்சுவாயு ஒரு குடும்பத்தில் சொல்வதற்குக்கூட ஆளை விட்டுவைத்ததா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

2019-இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் ஒரு காரியம் செய்தது. கறுப்பின மாடல்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றுக்காகச் சில ஓவியங்களின் தலைப்பையே மாற்றிவைத்தார்கள். மரி-கியெமின் பெனுவா 1800-இல் காட்சிக்கு வைத்த உருவப்படம், இனப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டு வந்தது. அது 'மேடலீனின் உருவப்படம்' ஆனது. ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் பூங்கொத்தோடு நிற்கும் பணிப்பெண் லோர். அந்தக் கண்காட்சி நடந்த நாட்களில் 'ஒலிம்பியா' என்ற ஓவியமே 'லோர்' என்ற பெயரில் தொங்கியது.

இதெல்லாம் வரலாற்றைத் திருத்துவது, இன்றைய அரசியலைப் பழைய ஓவியத்தின் மேல் பூசுவது என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். லோர் என்ற பெயர் யாரும் இன்று கண்டுபிடித்ததல்ல. மனே தன் குறிப்பேட்டில் அவள் பெயரையும், வசித்த தெருவையும், வீட்டு எண்ணையும் தன் கைப்படக் குறித்து வைத்திருந்தார். 150 வருடம் அதைச் சுவருக்குக் கொண்டுவராமல் இருந்தது அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான்.