வைக்கோல் அடைத்த கொரில்லாக்கள் அல்ல
நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கொரில்லாக்கள் "வைக்கோல் திணித்த வேட்டைப் பரிசுகள், காட்டுக்கு ஒரு பயனும் இல்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சுட்டது உண்மைதான், 1921-இல், இறந்த விலங்குகளின் தோலைக் கொண்டு உருவங்கள் செய்யும் கலைஞர் கார்ல் ஏக்லியும் அவர் குழுவினரும் காங்கோவில் சுட்டார்கள். ஆனால் வைக்கோல் இல்லை. களிமண்ணில் தசை தசையாக உடலை வடித்து, அச்செடுத்து, உள்ளீடற்ற உருவம் செய்து, அதன்மேல் தோலைப் பொருத்துவது ஏக்லியின் முறை.

அப்புறம் பயன். கொன்ற கொரில்லாவின் முகம் அவரை உலுக்கிவிட்டது. அவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று அப்போது காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தின் மன்னர் முதலாம் ஆல்பர்ட் வரை வாதாடினார். 1925-இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவானது. காங்கோவின் இன்றைய விருங்கா தேசியப் பூங்கா அதுதான், மலைக் கொரில்லாக்கள் இன்னும் அங்கே வாழ்கின்றன. குறை சொல்வதென்றால், அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அமைத்திருக்கும் அந்தக் காட்டுக் காட்சியில் ஒரு மனிதர்கூட இல்லாததைச் சொல்லுங்கள். அந்த மலையடிவாரங்களில் மக்களும் வாழ்ந்தார்கள்.