உங்களுக்கு ஏரிக்கரை, எங்களுக்கு நுரை

கொஞ்ச நாளா என் டைம்லைன் முழுக்க அந்த அண்ணன் போட்ட பதிவுதான். பேர் போட மாட்டேன். எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் அதுக்கு ஹார்ட் விட்டவங்கதான். பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் அபார்ட்மெண்ட், காலையில ஏரியைச் சுத்தி நடை, கையில காபி, "சுத்தமான சூழல் இருந்தாத்தான் மனசுக்கு நிம்மதி"ன்னு நாலு போட்டோ. அதோட விட்டிருந்தா நானும் ஒரு லைக் போட்டுட்டுப் போயிருப்பேன். கடைசியில ஒரு வரி சேர்த்தாரு பாருங்க. "ஊருக்கு வந்தா ஓசூர் பக்கம் மூக்கைப் பொத்திக்க வேண்டியிருக்கு. நம்ம ஆளுங்களுக்கு சுற்றுச்சூழல் அக்கறையே கிடையாது."

அண்ணா, அந்த நாத்தம் யார் வீட்டு நாத்தம்?

கோபமா கேக்கல, நிஜமாவே கேக்கறேன். உங்க பாத்ரூம்ல இருந்து போற தண்ணி எங்க போகுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா? பெல்லந்தூர் ஏரி, அடுத்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, அப்புறம் நேரா ஓசூர்கிட்ட இருக்கற எங்க கெலவரப்பள்ளி அணை. நந்தி மலைப் பக்கம் பொறக்கறப்ப நல்ல ஆறாத்தான் பொறக்குது. பெங்களூரைத் தாண்டி வர்றதுக்குள்ள அதோட கதி என்ன ஆகுதுன்னு ஓசூர்க்காரங்களைக் கேளுங்க. 2017ல பெல்லந்தூர் ஏரியில தீப்பிடிச்சப்ப நாடே வாயைப் பொளந்து பார்த்துச்சு. அந்த ஏரித் தண்ணி அடுத்து எந்த ஊருக்குப் போகும்னு கேட்டவங்க எத்தனை பேர்?

இன்னொரு கொடுமையும் இருக்கு. பெங்களூர் குடிக்கறது காவிரி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்துல இருந்து மேட்டுக்கு மோட்டார் வச்சு ஏத்தறாங்க. குளிச்சு, துவைச்சு, கழுவி முடிச்சதுல ஒரு பெரும்பங்கு தென்பெண்ணை வழியா எங்ககிட்ட வருது. காவிரியில தண்ணி கேட்டா கோர்ட்டு, கேஸு, நடுவர் மன்றம்னு வருஷக்கணக்கா இழுக்குது. இந்தத் தண்ணிக்கு மட்டும் ஒரு தடையும் கிடையாது, கேக்காமலே வருது. அதே தென்பெண்ணையோட கிளை ஆறு மார்க்கண்டேய நதி. அதுல வர்றது நல்ல தண்ணி, அதனால கர்நாடகாவுல யார்கோள்ங்கற இடத்துல குறுக்கே அணை கட்டி நிறுத்திட்டாங்க. நல்லதுக்கு அணை, நாத்தத்துக்கு வழி.

சுத்தம் பண்றது வேற, தள்ளி விடறது வேற. தன் வாசலைக் கூட்டிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசல்ல தள்ளிட்டு, "பாரு, அந்த வீட்டுக்காரங்களுக்கு சுத்தமே தெரியல"ன்னு சொல்ற கதைதான் இது.

மத்திய அரசு 2021 மார்ச்ல வாழறதுக்கு எளிதான நகரங்கள்னு ஒரு பட்டியல் விட்டுச்சு. 111 நகரம். பத்து லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற ஊர்கள்ல பெங்களூருக்குத்தான் முதல் இடம். சந்தோஷம், வாழ்த்துகள். அதுல ஓசூர் கிடையாது, கிருஷ்ணகிரி கிடையாது, தர்மபுரி கிடையாது. எங்களை அளக்கவே இல்ல. ஒரு ஊருக்கு மார்க் போடறப்ப அந்த ஊர்ச் சாக்கடை எந்த ஊர் வயல்ல போய் முடியுதுன்னும் சேர்த்துப் பார்த்து மார்க் போடணுமா இல்லையா? அப்படிப் போட்டா முதல் இடம் யாருக்கு வரும்னு நான் சொல்லல, நீங்களே யோசிச்சுக்குங்க.

இப்ப கமெண்ட்ல வரப்போறதுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிடறேன்.

"கன்னடக்காரங்க மேல வெறுப்பு வளர்க்கறீங்க." இல்லைங்க. அந்த அண்ணன் பாலக்கோட்டுக்காரர். பெங்களூர்ல இருக்கற நம்ம ஊர் ஜனம் கொஞ்சமா நஞ்சமா? அந்த நுரையில அவங்க போட்ட ஷாம்பூவும் சேர்த்திதான்.

"இப்பத்தான் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கட்டிட்டாங்களே, 2018ல இருந்து கோலார் ஏரிகளுக்கே அந்தத் தண்ணியைத்தானே அனுப்பறாங்க." சரி, அனுப்பட்டும். மழை பெஞ்சு கெலவரப்பள்ளி மதகைத் திறந்தா அங்க பொங்கற நுரை அப்ப எங்கிருந்து வருது? சோப்புத் தூள் எல்லாம் வானத்துல இருந்தா கொட்டுது?

"உங்க சிப்காட் மட்டும் என்ன யோக்கியமா, ராமநாயக்கன் ஏரியைப் பார்த்தீங்களா?" பார்த்தேன். அதைப் பத்தியும் எழுதுவேன். இன்னிக்கு அந்தப் பேச்சு இல்ல.

நான் வாக்கப்பட்ட வீடு அணைக்குக் கீழே, வாய்க்கால் பாசனம். மாமனார் கொத்தமல்லி, புதினா போடுவாரு, ஓரமா ரோஜா. மதகு திறந்த அன்னிக்குக் காத்தடிச்சா வாய்க்கால்ல இருந்து நுரை பஞ்சு பஞ்சாப் பறந்து வந்து பாத்தி மேல உக்காரும். காஞ்சதும் இலை மேல ஒரு கறுப்புப் படலம். மாமியாருக்குக் கணுக்காலுக்குக் கீழ எப்பவும் சொறி, ராத்திரி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எருமை வாய்க்கால்ல வாய் வச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். அந்த நுரைக்கு முன்னாடி நின்னு "எங்க ஊர் காஷ்மீர்"னு ரீல்ஸ் எடுக்க வேற வர்றாங்க. வரட்டும். அந்தக் கொத்தமல்லிக் கட்டு விடியறதுக்குள்ள லாரி ஏறி எங்க போகுதுன்னு நினைக்கறீங்க? உங்க அபார்ட்மெண்ட் வாசல்ல தள்ளுவண்டியில வந்து நிக்கறது எந்த ஊர்க் கட்டு?

சுத்தமான சூழல் இருந்தா மனசுக்கு நிம்மதின்னு சொல்றதை நான் மறுக்கல. அமெரிக்காவுல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கறவங்கள்ல, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்காங்க, வலி மாத்திரையும் குறைவாத்தான் கேட்டிருக்காங்க. மரம் தெரிஞ்சாலே அவ்வளவுன்னா, கண்ணைத் திறந்தா சாக்கடை தெரியறவங்களுக்கு எவ்வளவு? அந்தக் கணக்கை யார் போடுவா?

"வளர்ச்சி வந்தா தானா சுத்தமாயிடும், லண்டனைப் பாருங்க"ன்னு ஒருத்தர் அந்தப் பதிவுலயே அளந்திருந்தாரு. லண்டன் தானா சுத்தமாகல. 1952 டிசம்பர்ல புகைமூட்டத்துல ஆயிரக்கணக்குல ஜனம் செத்த பிறகு 1956ல சட்டம் போட்டாங்க. அப்பவும் எல்லாருக்கும் ஒரே லண்டன் கிடைக்கல. எல்லா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ரான்னு ஒன்பது வயசுக் குழந்தை, தெற்கு லண்டன்ல வண்டி ஓயாத ரோட்டுக்குப் பக்கத்துல வீடு, ஆஸ்துமா. 2013ல போயிடுச்சு. அந்தச் சாவுக்குக் காத்து மாசும் ஒரு காரணம்னு 2020 டிசம்பர்லதான் விசாரணை அதிகாரி எழுதினார். அந்தத் தாய் விடாம அலைஞ்சதாலதான் அதுவும். ஒரே ஊருக்குள்ளயே பூங்காப் பக்கம் ஒரு வாழ்க்கை, ரோட்டுப் பக்கம் ஒரு வாழ்க்கை. ஊர் விட்டு ஊர்னா கேக்கவா வேணும்.

"அக்கறையே கிடையாது"ங்கற அந்த வார்த்தை எனக்கு ஏன் இவ்வளவு சுடுதுன்னா, நான் பொறந்தது பென்னாகரம் பக்கம். எங்க போர் தண்ணியில ஃப்ளோரைடு. பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைக்கறப்பவே பழுப்புக் கோடோடதான் முளைச்சுது. எத்தனை விளக்கினாலும் போகாது, அது உள்ளேயே ஏறின கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துச்சு, அதுக்கு முன்னாடியே என் பல்லு முளைச்சு முடிஞ்சிருச்சு. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அத்தை காதுல வந்து "சிரிக்காம இரு"ன்னாங்க. பெங்களூர்ல இன்டர்வியூ போனப்ப ஒரு மேடம் ரொம்ப அன்பா "பல் டாக்டர்கிட்ட போனதில்லையா, ஹைஜீன் முக்கியம்மா"ன்னாங்க. இப்பவும் போட்டோ எடுக்கறப்ப என் கை தானா வாய்க்குப் போகுது. அது பாறையில இருந்து வந்தது, யாரும் கொண்டாந்து ஊத்தலன்னு சொல்வீங்க. சரிதான், ஒத்துக்கறேன். ஆனா பார்க்கறவங்க அப்பவும் பாறையைக் குத்தம் சொல்லல, எங்களைத்தான் சொன்னாங்க. பல்லு விளக்கத் தெரியாத ஜனம். இப்ப சுற்றுச்சூழல் தெரியாத ஜனம்.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா பெங்களூருக்கே வந்துடுங்களேன்"னு ஒரு தங்கச்சி எழுதியிருக்கு. வரலாம்மா. அட்வான்ஸ் பத்து மாச வாடகை யார் தருவா, மாமனார் கொத்தமல்லியை மொட்டை மாடியிலயா போடுவாரு?

2024 கோடையில உங்க ஊர்ல போர் எல்லாம் வத்திப்போய் டேங்கருக்கு அடிச்சுக்கிட்டீங்களே, அப்ப "இவங்களுக்குத் தண்ணி அருமையே தெரியல"ன்னு எங்க ஊர்ல யாராவது ஒரு வரி எழுதினோமா? பாவம், கைக்குழந்தை வச்சிருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னுதான் பேசிக்கிட்டோம். என் நாத்தனார் அங்கதான் இருக்கா. அந்த ரெண்டு மாசமும் ஞாயித்துக்கிழமை ஆனா அழுக்குத் துணியெல்லாம் மூட்டை கட்டி பஸ்ல ஏத்திக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து துவைச்சுக் காயப்போட்டு எடுத்துட்டுப் போனா. நாங்க ஒண்ணும் சொல்லல.