ஷலோம் பாயித்தாம்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடக்கு லண்டனில் யூதச் சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி. வீட்டில் அடிபடும் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, “முதலில் இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள், ஷலோம் பாயித் முக்கியம்” என்றார். வீட்டு அமைதியாம். அவள் வாய் திறக்காதவரை அமைதிதான்.

பணியாளரின் வேலை சேர்த்து வைப்பதல்ல. அடித்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்ன சொல்வாள்? “ஒன்றுமில்லை” என்பாள். இரவு அதற்கும் சேர்த்து வாங்குவாள்.

எங்கள் ஊரில் சின்னம்மாவுக்கும் கோயில் மணியகாரர் வந்துதான் சமாதானம் பேசினார். “பொறுத்துப் போ பிள்ளை” என்றார். தேத்தண்ணி நீட்டிய கை வீங்கியிருந்தது. அவர் வாங்கிக் குடித்தார். எனக்கு அப்போது 9 வயது.

“தமிழச்சிக்கு யூதர் விஷயத்தில் என்ன வேலை?” என்பீர்கள். சரி, அவர்களோடு வேலை செய்து கற்றதைச் சொல்கிறேன். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியான சமையலறை இல்லாத அடைக்கல விடுதிக்குப் பிள்ளைகளோடு வர அவள் தயங்குவாள். வெள்ளி பொழுதுபட்டால் ஓய்வுநாள், போனைத் தொடமாட்டாள். உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாளை மீறலாம் என்று அவர்கள் மதமே சொல்கிறது. அதை அந்தச் சமூகத்துக்குள் இருக்கும் ஒருத்தி சொன்னால் எடுபடும். மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுக வரும்போது காயம் உதவியாளரின் கண்ணில்தான் முதலில் படும். தனியே, மெதுவாகக் கேட்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ‘கெட்’, யூத மத விவாகரத்துச் சீட்டு. நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தாலும், கணவன் அந்தச் சீட்டைத் தராமல் மத முறைப்படி மறுமணம் இல்லை. அவள் அகுனா, கட்டுண்டவள். அதை வைத்தே பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் பேரம் பேசுவார்கள். இங்கிலாந்தின் 2021 குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான வழிகாட்டுதல் இந்த மறுப்பையும் வன்முறைக் கணக்கில் சேர்க்கிறது. இது தெரிந்த வழக்கறிஞரை முதலிலேயே காட்டிவிட வேண்டும். சேர்த்து வைப்பதல்ல வேலை, எத்தனை தடவை சொல்ல?

எல்லா ராபிகளும், அதாவது யூத மதகுருக்களும், சேர்த்து வைக்கத்தான் சொல்வார்களா? இல்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ராபி ரோத்தன்பர்க் மெயிர், மனைவியை அடிப்பவனை மற்றவரை அடிப்பவனைவிடக் கடுமையாக நடத்தச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. பொய்ப் புகார் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

இந்தச் சமூகத்தில் நாலு தெருவுக்குள் எல்லாரும் சொந்தம். பணியாளரே கணவனின் மாமி மகளாக இருக்கலாம். அப்படியென்றால் அதை அவளிடம் முதலில் சொல்லிவிட்டு, வேறொருவரிடம் கைமாற்றிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவரே எனக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்து, “இவ்வளவு கோபம் ஆகாது மகளே” என்றார். நானும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.