அரசாங்கத்தின் மீது வழக்கே போட முடியாதா?

“சிங்கப்பூரில் அரசு அதிகாரியின் கவனக்குறைவால் கால் உடைந்தாலும் வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்குகள் சட்டம், 5ஆம் பிரிவைப் பாருங்கள். முகவரின் தவறுக்குத் தனியார் ஒருவர் பொறுப்பாவதுபோல், பொது அதிகாரியின் கவனக்குறைவுக்கு அரசாங்கமும் பொறுப்பு. விதிவிலக்குகள் உண்டு, அவையும் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), நகர மன்றங்கள் மீது அவற்றின் பெயரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

ஜெயிப்பது வேறு கதை. அரசு சார்ந்த தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்பின் மீது ஸ்பேன்டெக் நிறுவனம் தொடுத்த வழக்கு 2007இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஆனால் நீதிமன்றம் விசாரித்துத்தான் முடிவு சொன்னது.

காயத்துக்கு இழப்பீடு கேட்கப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிச் சும்மா இருப்பவருக்கு நாள் ஓடிவிடும். அரசாங்கத்தின் சட்ட இணையத்தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.