லண்டன் வருகிறவர்களுக்கு: டூரிஸ்ட் பாஸ் வேண்டாம், பேங்க் கார்டு போதும்

ஏப்ரல் பிறந்தால் ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஒரே கேள்விதான். "மாப்ளே, லண்டன்ல சுத்திப் பார்க்க எந்தப் பாஸ் எடுக்கணும்?" கூடவே யாரோ ஒரு டிராவல்ஸ்காரர் அனுப்பிய படம் ஒன்று வரும், மூன்று நாளைக்கு இவ்வளவு, ஐந்து நாளைக்கு இவ்வளவு, அன்லிமிடெட் என்று கொட்டை எழுத்தில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. இனிமேல் கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போகிறேன்.

எந்தப் பாஸும் எடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கிற விசா அல்லது மாஸ்டர் கார்டில் காண்டாக்ட்லெஸ் (மிஷினில் தொட்டாலே காசு போகிற வசதி) வேலை செய்தால் அதுவே டிக்கெட், அதுவே பாஸ். டியூபில், அதாவது இங்கத்துச் சுரங்க ரயிலில், உள்ளே போகும்போது மஞ்சள் வட்டத்தில் ஒரு முறை வைக்க வேண்டும், வெளியே வரும்போது மறுபடி வைக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும். காசைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் முன்னால் நிற்காதீர்கள், லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"பாஸ் இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றினால் காசு ஏறிக்கொண்டே போகுமே" என்பது அடுத்த கேள்வி. ஏறாது. இங்கே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது. நீங்கள் எத்தனை முறை கார்டை வைத்தாலும் அந்தத் தொகையைத் தொட்டதும் அதற்கு மேல் ஒரு பென்னி எடுக்க மாட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த கட்டணப்படி சொல்கிறேன், கூடக்குறைய ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் ஏற்றுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனை நடுவிலிருந்து வளையம் வளையமாக ஜோன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் 1, 2 ஜோனுக்குள் சுற்றினால் நாளைக்கு 8.90 பவுண்டு. ஈஸ்ட்ஹாமில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி (நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதானே தங்குகிறீர்கள்) தினமும் நகருக்குள் போய் வந்தால் 3ஆம் ஜோன் வரை, 10.50 பவுண்டு. அதே நாளுக்கு டே டிராவல்கார்டு என்று காகித டிக்கெட் வாங்கினால் இருப்பதிலேயே சின்னது 1 முதல் 4 ஜோன், 16.60 பவுண்டு. ஒரே ரயில், ஒரே இருக்கை, ஆளுக்கு 6 பவுண்டு கூடுதல்! நான்கு பேர் குடும்பம் ஒரு வாரம் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அன்றைக்குக் கால் வலிக்கிறது, மழை வேறு, இரண்டே இரண்டு முறை பஸ்ஸில் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால்? 3.50 பவுண்டோடு முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் ஏறிவிட்டால் அதற்குக் காசே இல்லை, 1.75 மட்டும்தான். வெறும் பஸ்ஸிலேயே நாள் முழுக்கச் சுற்றினாலும் 5.25 தாண்டாது. பாஸ் வாங்கியவருக்கு இந்த வசதி கிடையாது, போட்ட காசை எடுக்க வேண்டும் என்று வலிக்கிற காலோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பாஸ் மேல் ஏன் இத்தனை ஆசை என்று எனக்குப் புரிகிறது. சென்னையில் 1000 ரூபாய் மாதப் பாஸ் வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குத் தினமும் போய் வந்தவருக்கு அது நிஜமாகவே லாபம். ஏனென்றால் அவருக்குத் தன் வழி தெரியும், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று தெரியும். சுற்றுலா வந்தவருக்கு மறுநாள் எங்கே போகப் போகிறோம் என்பதே காலையில் இட்லி சாப்பிடும்போதுதான் முடிவாகும். அவரிடம் போய் முன்கூட்டியே ஐந்து நாளைக்குக் காசு கேட்பது அவருடைய குழப்பத்தை விலை பேசுவதுதான். தெரியாத ஊரில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இருக்கிறதே, அதற்குத்தான் அன்லிமிடெட் என்று பேர் வைத்து விற்கிறார்கள்.

இதை லண்டனை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பாரீஸைப் பாருங்கள். 2025இல் அங்கே உள்ளூர்க்காரர்கள் எடுக்கிற ஒரு நாள் நவிகோ பாஸ் 12 யூரோ, யார் வேண்டுமானாலும் 2 யூரோ அட்டை ஒன்றில் ஏற்றிக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே பாரீஸ் விசிட் என்று ஒன்று வைத்திருந்தார்கள், அது ஒரு நாளைக்கு 29.90. விமான நிலையம் போவது அதில் அடக்கம் என்பார்கள், ஆனால் விமான நிலைய டிக்கெட் அப்போது தனியாக 13 யூரோதான். 12ஐயும் 13ஐயும் கூட்டினால்கூட அங்கே வரவில்லை. டூரிஸ்ட் என்று பேரில் இருந்தாலே இரண்டு முறை யோசியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், இந்தியாவிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியது. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் காண்டாக்ட்லெஸும் நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். பேங்க் ஆப்பில் இரண்டும் தனித்தனி பட்டன். முதலாவதை மட்டும் ஆன் செய்துவிட்டு வந்து ஹீத்ரோ கேட்டில் பெட்டியோடு நிற்காதீர்கள், பின்னால் வரிசை நீளும். ரூபே கார்டு இங்கே கேட்டைத் திறக்காது. அப்புறம், ஒரு கார்டுக்கு ஓர் ஆள்தான். மாமா உள்ளே போய்விட்டு அதே கார்டை அத்தைக்குக் கொடுத்தால் நடக்காது, அத்தைக்குத் தனிக் கார்டு வேண்டும். போனில் ஏற்றிய கார்டும் கையில் இருக்கிற கார்டும் ஒரே அக்கவுண்டாக இருந்தாலும் மிஷினுக்கு அவை இரண்டு பேர். காலையில் போனை வைத்தால் ராத்திரி வரை போன்தான், மாற்றினால் உச்சவரம்புக் கணக்கு உடைந்துவிடும். வெளியே வரும்போது வைக்க மறந்தால் அதிகபட்சக் கட்டணம் போட்டுவிடுவார்கள். முதல் முறை வைத்ததும் 10 பென்ஸ் போனதாக எஸ்எம்எஸ் வந்தால் பதற வேண்டாம், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அன்றைய மொத்தம் பிறகுதான் வரும். பேங்க் எடுக்கிற அந்நியச் செலாவணிக் கட்டணம் பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 10.50க்கு அது 50 பென்ஸைக்கூடத் தொடாது. அதுவும் மனசு கேட்கவில்லை என்றால் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்கிற ஃபோரெக்ஸ் கார்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹீத்ரோவிலிருந்து டியூபோ எலிசபெத் லைனோ பிடியுங்கள். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்கிற தனி ரயில் இந்த உச்சவரம்புக்குள் வராது, பெயரில் ஹீத்ரோ இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. 10 வயது வரை பெரியவரோடு டியூபில் இலவசம், ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை போகலாம். 11 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஸ்டேஷனிலேயே சாதாரண ஆய்ஸ்டர் கார்டு (காசு ஏற்றிப் பயன்படுத்துகிற லண்டன் பயண அட்டை) வாங்கி, அங்கே நிற்கிற ஊழியரிடம் "யங் விசிட்டர் டிஸ்கவுண்ட்" போட்டுத் தரச் சொல்லுங்கள், 14 நாள் வரை பாதிக் கட்டணம். பேங்க் கார்டில் இது கிடைக்காது. இதையும் ஊரிலிருந்தே விசிட்டர் ஆய்ஸ்டர் என்று ஆர்டர் போட்டு, அட்டைக் காசோடு தபாலுக்கும் தனிக்காசு என்று அழ வேண்டாம். அதிலும் உச்சவரம்பு இதேதான்.