நீலக் கொடியை யாராவது காட்டுங்கள்!

சனிக்கிழமை கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இன்னொன்று. திட்டம் என்னவோ அருமை. முதல் பந்தய ஓடுதளத்தில் ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர், இரண்டாவதில் 3.7. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறதே, அங்குதான் வயிறு எரிகிறது!

பந்தயத்தில் ஒரு சுற்று முந்தப்போகும் கார் பின்னால் வந்தால், முன்னால் போகிறவருக்கு வழிவிடச் சொல்லி நீலக் கொடி காட்டுவார்கள், மதிக்காவிட்டால் தண்டனை. இங்கே வலது தடத்தைப் பட்டா போட்டு வாங்கியதுபோல் ஒரு லாரி ஊர்கிறது. இடது தடத்திலும் அதே வேகத்தில் இன்னொன்று. ஹாரன் அடித்தாலும் அசைவதில்லை. லாரியாவது சுமை ஏற்றி வருகிறது, பாவம். காலிக் காரில் கைப்பேசியில் பேசிக்கொண்டே வலது தடத்தில் தவழ்கிறவருக்கு என்ன கேடு? நான் சேலம் தாண்டுவதற்குள் அங்கே தகுதிச் சுற்றே முடிந்துவிடும்.