பகுதிநேர வேலைக்கும் சட்டம் உண்டு

"ட்ரம்போலின் (துள்ளிக் குதிக்கும் வலை) கூடத்தில் 14 வயதுப் பிள்ளையையும் வேலைக்கு வைக்கலாம், பகுதிநேரம் என்றால் சேமலாப நிதியும் இல்லை" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை. 14 பழைய கணக்கு. 2021இல் இலங்கையில் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக்குறைந்த வயதை 16 ஆக்கிவிட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியும் முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளத்தில் 8 சதவீதம் எங்களுடையது, 12 சதவீதம் முதலாளி போடவேண்டும். பகுதிநேரமென்று விலக்கு இல்லை.

சாதாரணதரம் எழுதிவிட்டு, 17 வயதில் வவுனியாவில் இப்படியொரு இடத்தில் நாலு மாதம் நின்றேன். சேமலாப நிதியில் எங்களைப் பதிந்ததைக் காட்டும் பி அட்டை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

குதிப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் லேசில்லை. ஒரு வலையில் ஒருவர்தான் குதிக்கவேண்டும். பெரியவன் குதித்து இறங்கும்போது பக்கத்தில் நிற்கும் சின்னப்பிள்ளை தூக்கி எறியப்படும். ஒரு சனிக்கிழமை அப்படி எழும்பிய பிள்ளையைச் சட்டையில் பிடித்துத்தான் இழுத்தேன். அன்றிரவு முழுக்க எனக்குக் கை நடுங்கியது. விசிலோடு நிற்பதே 14 வயதுப் பிள்ளை என்றால், இருபது வயதுக்காரன் சொல்லுக் கேட்டு இறங்குவானா?

தம்பி தங்கச்சிமாரை அனுப்புவதென்றால் 16 முடிந்ததா என்று பாருங்கள், அப்புறம் முதல் மாதமே பி அட்டையைக் கேளுங்கள். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.